கோபமில்லைதானே என்று இனிக் கேட்கமாட்டேன்

அன்பு மகன்,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். எனக்கும் அது முழுதாக விளங்கவில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது, அது உனக்கும் தெரியும். கடதாசி என்றால் எழுதியதை வெட்டிவிடலாம். இதுவரைக்கும் உன் தங்கச்சியின் பழைய கொப்பியில் ஏழு ஒற்றைத் தாள் கிழித்துவிட்டேன். கடதாசிக்கு இவ்வளவு தட்டுப்பாடான நேரத்தில் அப்பா என்ன ஊருக்கே காவியம் எழுதுகிறாரோ என்று அவள் அம்மாவிடம் முறைப்பாடு செய்திருக்கிறாள். இது எட்டாவது ஒற்றை. இதையும் கிழித்தால் கலியாணத்துக்கு முன் உன் கைக்கு ஒன்றும் வந்து சேராது.

போன ஞாயிறு கோவிலில் உன் கலியாண அறிவித்தலை மூன்றாம் முறையும் வாசித்தார்கள். பூசை முடிந்து எல்லாரும் வந்து என் கையைப் பிடித்தார்கள். பாசையூரில் நல்ல குடும்பம், ஜெசிந்தா நல்ல பிள்ளை என்றார்கள். நான் பெரிய ஆளாக வீட்டுக்கு வந்தேன். பின்னேரம் நீ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாய்: “அப்பா, கலியாணத்தண்டு காலமை நான் அம்மாவிட்டை மட்டும் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வெளிக்கிடுறன்.” உன் குரலில் கோபம் இருக்கவில்லை. அரிசி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாய். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும். நம் குருநகரில் மாப்பிள்ளை கோவிலுக்கு வெளிக்கிடுமுன் விறாந்தையில் பாய் போட்டுத் தாய் தகப்பனுக்கு முன்னால் முழந்தாளிடுவான், அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார்கள். அதோடு அவன் பெண் வீட்டு ஆள். நீயும் பாசையூருக்குப் போய்விடுவாய். சொந்தமும் அயலும் சுற்றி நின்று பார்க்கிற அந்த நேரத்தில் அப்பாவின் கை உன் நெற்றியில் வேண்டாம் என்கிறாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்ன பதில் சொல்வது என்று இந்த மூன்று நாளாகத் தெரியாமல் வீட்டுக்குள்ளும் கரையிலும் நடந்து திரிகிறேன்.

என் கோபத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, அதன் கீழேதான் நீ வளர்ந்தாய். ஆனால் நான் அதை அடக்கப் பாடுபட்டேன் என்பது உனக்குத் தெரியுமோ தெரியாது. நீ சின்னவனாக இருந்தபோது பங்கில் இருந்த சுவாமி எனக்கு ஒரு மருந்து சொல்லித் தந்தார். கோபம் வந்தால் வாயைத் திறக்க முன் ஒரு அருள்நிறை மரியே செபம் முழுவதும் சொல்லி முடிக்க வேண்டும், அதற்குள் சூடு இறங்கிவிடும் என்றார். நான் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் அந்தச் செபத்தை எவ்வளவு வேகமாகச் சொல்லலாம் என்று சுவாமி யோசிக்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு மூச்சில் சொல்லி, ஆமென் என்ற கையோடு கையை ஓங்கிவிடுவேன். ஒருநாள் நீ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “அப்பா மரியே சொல்லத் தொடங்கிட்டார். ஓடுங்கோ.” எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. மாதாவின் பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் ஓடுகிற வீடாக நம் வீட்டை ஆக்கிவைத்தேனே என்ற எண்ணம் இப்போதுதான் வருகிறது.

இரண்டாவது மருந்தும் ஒரு பிரசங்கத்தில்தான் கிடைத்தது. சூரியன் மறைவதற்குள் கோபத்தை முடித்துவிட வேண்டும், அதை மறுநாளைக்கு வைத்திருக்கக்கூடாது என்று சுவாமி சொன்னார். அது எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் எங்கள் தொழிலுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு வள்ளம் இறக்குவோம். அதற்கு முன் நான் குசினி வாசலில் போய் நிற்பேன். அம்மா சோற்றைக் கட்டித் தருவார். நான் கேட்பேன், “என்னோடை கோபமில்லைதானே?” அம்மா “இல்லை” என்பார். “அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு, மனச்சாட்சி கழுவித் துடைத்த பாத்திரமாக நான் கடலுக்குப் போவேன். காலையில் என்ன நடந்திருந்தாலும் சரி, பின்னேரம் ஐந்துக்கு எங்கள் வீட்டில் சமாதானம். இப்படி ஒரு கிறிஸ்தவக் குடும்பம் குருநகரில் வேறு இல்லை என்று நான் அந்தோனி மாமாவிடம் பெருமைகூட அடித்திருக்கிறேன். அவன் அம்மாவின் தம்பி, அக்காவை அறிந்தவன். வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு நாட்டு நிலைமை மோசமாகி, இரவில் கடலுக்குப் போகத் தடை வந்தது. உனக்கு அப்போது பதினாறு வயது. வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல் ஆண்கள் எல்லாம் முற்றத்தில் நின்றோம். அந்த முதல் கிழமையிலேயே நான் எதற்கோ அம்மாவைக் கண்டபடி ஏசிவிட்டு, பழக்கத்தில் பின்னேரம் குசினி வாசலில் போய் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அம்மா அடுப்பிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. “ஓம், கோபம்தான்” என்றார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அம்மா மெல்லச் சொன்னார்: “கடலுக்குப் போற மனிசனைக் கோபத்தோடை அனுப்பக்கூடாது எண்டுதான் இவ்வளவு காலமும் இல்லை எண்டனான். ஏதாவது நடந்தால் பிறகு நான் எப்பிடி இருக்கிறது? இப்ப நீங்கள் கடலுக்குப் போறேல்லை. இப்ப நான் கோபமாய் இருக்கலாம்.”

மகன், அம்மா மூன்று நாள் கோபமாக இருந்தார். சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், செபமாலைக்கு எங்களோடு முழந்தாளிலும் இருந்தார், என்னோடு மட்டும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கதைத்தபோது, தங்கச்சி வயிற்றில் இருக்கையில் கறியில் உப்புக் கூடிவிட்டது என்று நான் முற்றத்தில் எறிந்த சோற்றுக் கோப்பையிலிருந்து தொடங்கினார். அவருடைய இளைய சகோதரியின் கலியாணத்துக்கு நான் போக விடாததைச் சொன்னார். அன்றைக்கும் பின்னேரம் நான் கேட்டேனாம், அவர் இல்லை என்றாராம். எனக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை. நான் கழுவித் துடைத்ததாக நினைத்த ஒவ்வொன்றையும் அம்மா எடுத்து வைத்திருந்தார். சுவாமி எனக்குச் சொன்னது என் கோபத்தை விடச்சொல்லி. நான் அதைக் கொண்டுபோய் மற்றவர்களின் கோபத்துக்கு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறேன். இதை நான் அன்றைக்கே விளங்கிக்கொண்டேன் என்று சொல்ல ஆசை. விளங்கியதுபோல இருந்தது. ஆனால் விளங்கியிருந்தால் நாலு வருடம் கழித்து உனக்கு அதையே ஏன் செய்தேன்?

இனித்தான் எழுதக் கை வராத இடம். உனக்கு இருபது வயது. பகலில் மட்டும், கரையை ஒட்டி, எஞ்சின் இல்லாமல் போகலாம் என்றிருந்த காலம். நீயும் அந்தோனி மாமாவும் விடியப் போனீர்கள். எனக்குக் காலில் முள்ளுக் குத்திச் சீழ் வைத்திருந்ததால் நான் போகவில்லை. எட்டு மணிபோல ஆமியின் ஹெலிகொப்டர், அந்த ஹெலி வந்தது. கரையிலிருந்து பார்க்க அது தாழப் பறப்பதும் திரும்புவதும் தெரிந்தது, சுடுகிற சத்தம் கேட்டது, வள்ளங்கள் எங்கே நிற்கின்றன என்று தெரியவில்லை. நான் காலை இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். ஊரே அங்கே நின்றது. பெண்கள் முழந்தாளில் நின்று செபித்தார்கள். எனக்கு ஒரு செபமும் வரவில்லை. ஒவ்வொரு வள்ளமாக வந்தது. வந்த ஒவ்வொன்றும் உங்களுடையதாக இருக்கவில்லை. அந்த நேரத்தில் நான் தேவனோடு என்ன பேசினேன் என்பதை எழுதமாட்டேன், அதில் மரியாதை இருக்கவில்லை. கடைசியாக நீங்கள் இரண்டு பேரும் கோல் ஊன்றி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. நீ என்னைக் கண்டுவிட்டுச் சிரித்தாய்.

வள்ளத்துக்குள் வலை இல்லை. புது வலை ஒன்றும் யாழ்ப்பாணத்துக்குள் வராத காலம் அது. அம்மாவும் நானும் மாதக் கணக்காகக் கிழிசலைக் கண் கண்ணாகப் பொத்தி எடுத்த வலை. “வலை எங்கை?” என்று கேட்டேன். “வெட்டிவிட்டிட்டன் அப்பா. ஹெலி திரும்பி வந்தது. இழுக்க நேரமில்லை” என்றாய். நான் தண்ணீருக்குள் இறங்கி வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். அன்றைக்கு மரியே செபம்கூடச் சொல்லவில்லை. அறை விழுந்த பிறகும் ஒரு கணம் உன் முகத்தில் அந்தச் சிரிப்பு மிச்சம் இருந்தது. அந்தோனி மாமாதான் என் தோளைப் பிடித்தான். “அத்தான், பொடியன் உயிரோடை வந்திருக்கிறான்” என்றான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, கண்ட பாட்டுக்கு வலையைப் பற்றிக் கத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்று பின்னேரம் நீ கிணற்றடியில் இருந்தாய். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வந்து நின்று கேட்டேன், “அப்பாவோடை கோபமில்லைதானே?” நீ என்னைப் பார்த்தாய். “இல்லை” என்றாய். “அப்பச் சரி” என்றேன். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். அடித்ததைவிட இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு நாலு வருடமாக நீ எனக்கு ஒரு மரியாதைக் குறைவும் செய்யவில்லை. கேட்டதைச் செய்தாய், கேட்டதற்குப் பதில் சொன்னாய். வெளியில் பார்ப்பவர்கள் என்ன அடக்கமான பிள்ளை என்றார்கள். ஆனால் கடலில் என்ன நடந்தது என்று நீயாக வந்து ஒரு கதையும் சொன்னதில்லை, என்னைக் கண்டு சிரித்ததும் இல்லை.

அடுத்த வருடம் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கம்போல, கோபப்பட்டேன் சுவாமி என்று தொடங்கினேன். முன்பிருந்தவர் மாறிப்போய், புதுச் சுவாமி வந்திருந்தார். என்னைவிட வயது குறைந்தவர். ஆரோடு என்று கேட்டார். மகனோடு என்றேன். “மகன் என்ன செய்தவன்?” என்று கேட்டார். நான் வலையைப் பற்றித்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. “உயிரோடை வந்தவன், சுவாமி” என்றேன். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. நான் என்னைக் காப்பாற்ற நினைத்து, “சேசுவும் கோவிலிலை கோபப்பட்டு மேசையளைப் புரட்டினவர்தானே” என்றேன். “ஓம். ஆனால் அவர் பிறகு வீட்டுக்கு வந்து ஆரையும் அடிச்சதாய் நான் வாசிக்கேல்லை” என்றார். பிறகு சொன்னார்: “உமக்கு அபராதம் செபமாலை இல்லை. போய் மகனிட்டை ஏன் அடிச்சனீர் எண்டு சொல்லும். அதுதான் அபராதம்.”

பாவத்துக்குக் கொடுத்த அபராதத்தை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. நான் மாற்றினேன். வீட்டுக்கு வந்தேன். நீ விறாந்தையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். என்ன அப்பா என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். பிறகு கோவிலுக்குத் திரும்பிப் போய், வழக்கமாகக் கொடுக்கிற ஒரு செபமாலைக்கு மூன்று செபமாலையாகச் சொல்லி, கூடக் கொடுத்தால் கணக்குத் தீரும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் நற்கருணை நன்மை வாங்குகிறேன். அந்த மன்னிப்பு எனக்குக் கிடைத்ததா, அரைகுறையாக நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது. சுவாமியிடம் கேட்கவும் பயம். பரலோக மந்திரத்தில் மன்னிப்பைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தால் என் குரல் தானாகக் குறைந்துவிடும். நீ பக்கத்தில் நின்றபடியால் கவனித்திருப்பாய்.

ஆகவே அந்த அபராதத்தை இப்போது செய்கிறேன். மகன், நான் உன்னை அடித்தது வலைக்காக இல்லை. நீ செத்துவிட்டாய் என்று நான் அந்தக் கரையில் ஒரு மணித்தியாலம் நின்றேன். உன் அம்மாவிடம் எப்படிப் போய்ச் சொல்வது என்றுவரைக்கும் யோசித்து முடித்திருந்தேன். பிறகு நீ சிரித்துக்கொண்டு வந்தாய். எனக்கு அழுகை வந்தது, ஊர் பார்க்க அழத் தெரியவில்லை. ஹெலிக்கு அடிக்க என் கைக்கு எட்டாது. தேவனுக்கு அடிக்க முடியாது. உன் கன்னம் பக்கத்தில் இருந்தது. இதுதான் காரணம். இதைக் காரணம் என்று சொல்லலாமா என்றும் எனக்குத் தெரியவில்லை. அன்பினால் அடித்தேன் என்று சொன்னால் அது பொய்யின் பக்கத்தில் போகிறது. பயத்தினால் அடித்தேன் என்றால், அந்த நேரத்தில் எனக்குப் பயம் போய்விட்டிருந்ததே, நீ வந்துவிட்டாயே. பயம் போன இடத்தில் ஏன் கோபம் வந்தது? நாலு வருடமாக யோசித்தும் அந்த முடிச்சு எனக்கு அவிழவில்லை.

கலியாணம் செய்யப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். கோபத்தை எப்படி அடக்குவது என்று உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி? கோபம் வருவது பாவமில்லை, அதைக் கொண்டு செய்வதுதான் பாவம் என்று புதுச் சுவாமி சொன்னார். அவர் நல்லவர். ஆனால் எனக்கு வருவதும் செய்வதும் ஒன்றாகவே நடக்கின்றன, நடுவில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. உனக்கு அந்த இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மாவின் பக்கத்தால் வந்திருக்கும். இருந்தாலும் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஜெசிந்தாவை நோகப் பண்ணினால் போய் அதைச் சொல். சொல்லிவிட்டு வா. அவளுக்குக் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. அவளுடைய கோபத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்பது அவளுக்கும் தேவனுக்கும் உள்ள காரியம். பாசையூரில் நீ தொழிலுக்குப் போவாய், அவளும் உன்னைக் கோபத்தோடு அனுப்பப் பயப்படுவாள். அந்தப் பயத்தை நீ பிரயோசனப்படுத்தாதே. இதுவும் சரியான புத்திதானா என்று எனக்கு நிச்சயமில்லை. அம்மாவிடம் கேட்டுப் பார்.

ஞாயிறன்று நீ அப்படிச் சொன்ன பிறகு எனக்கு என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை. தலைக்குள் ஏறிவிட்டது. பெற்று வளர்த்தவனை ஊருக்கு முன்னால் தள்ளி நிற்கச் சொல்ல இவன் ஆர் என்று வந்தது. செபத்தைத் தொடங்கினேன், நடுவில் மறந்துபோயிற்று. வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து அம்மாவிடம், “அவன் விரும்பினபடி செய்யட்டும், நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்றேன். பெரிய மனதோடு சொல்வதாகத்தான் நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “உதுவும் ஒரு கட்டளைதானோ?” என்று கேட்டார்.

அதனால் கட்டளையாக இல்லாமல், என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். கலியாணத்தன்று காலையில் அம்மா பாய்க்கு முன்னால் நிற்கட்டும். நான் முற்றத்தில் வேலியோடு நிற்பேன். சனம் கட்டாயம் கேட்கும், ஏன் தகப்பன் சிலுவை போடவில்லை என்று. நீ வாய் திறக்க வேண்டாம், அம்மாவும் ஒரு பொய்யைத் தேட வேண்டாம். நான் சொல்வேன், அண்டைக்குக் கரையிலே எல்லாருக்கும் முன்னாலே இவனை அடிச்சனான், பிழை என்னிலே, அதுதான் என்று. அதைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, மகன். இதை எழுதுகிற நேரத்திலும் உன்மேல் இருக்கிறது. அது தீரும்வரை வைத்திருந்து, நல்ல மனதோடு இந்தக் கடிதத்தைத் தரலாம் என்றுதான் மூன்று நாளாகக் காத்திருந்தேன். அப்படிக் காத்திருந்தால் உன் கலியாணமும் முடிந்துவிடும், நீயும் போய்விடுவாய். ஆகவே கோபத்தோடேயே கொண்டுவந்து தருகிறேன். உன்னுடையதை நீ வைத்துக்கொள், நான் கேட்கமாட்டேன்.

அப்பா